மிர்ட்டிலை யாரும் கேட்கவில்லை

குழந்தை இலக்கியம் என்றால் நம்மில் பலருக்கு அது வேறு யாரோ செய்யவேண்டிய வேலை. நாம் அம்பேத்கரைப் படிப்போம், தன்வரலாறு எழுதுவோம், வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவோடு போவோம். நம் பிள்ளைகள் ராத்திரி என்ன கதை கேட்டுவிட்டுத் தூங்குகிறார்கள் என்று மட்டும் விசாரிக்க மாட்டோம். நானும் விசாரித்தவனில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் நடக்கிற மாலை வகுப்புக்கு ஒரு கல்லூரி மாணவி பழைய புத்தகக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அதில் ஜே.கே. ரோலிங் எழுதிய 'ஹாரி பாட்டர் அண்ட் த சேம்பர் ஆஃப் சீக்ரெட்ஸ்' இருந்தது. 1998இல் வந்த புத்தகம், வரிசையில் இரண்டாவது. முதல் பாகம் கட்டில் இல்லை. சரி போகட்டும் என்று இரண்டிலிருந்தே தொடங்கினோம். நமக்கு எதுதான் முதலிலிருந்து கிடைத்திருக்கிறது?

ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே வாயால் தமிழில் சொன்னேன். பதினெட்டு அத்தியாயம். ஒரு மாசத்துக்கு மேல் ஆனது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மந்திரம் கற்றுத்தருகிற ஹாக்வர்ட்ஸ் என்றொரு விடுதிப் பள்ளி. அதை நிறுவிய நான்கு பேரில் ஒருவன் சிலிதரின். மந்திரவாதி வம்சத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் இங்கே இடம் என்கிறான். மற்ற மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவன் கட்டடத்துக்கு அடியில் ஒரு ரகசிய அறையைக் கட்டி, உள்ளே ஒரு ராட்சசப் பாம்பையும் வைத்துவிட்டுப் போகிறான். என்றைக்காவது என் வாரிசு வருவான், அறையைத் திறப்பான், படிக்கத் தகுதியில்லாத பிறப்புகளை இங்கிருந்து ஒழிப்பான் என்று ஏற்பாடு. ஆயிரம் வருஷம் கழித்து அறை திறக்கிறது. சாதாரண வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கல்லாகச் சமைந்துபோகிறார்கள். பிள்ளைகளில் முதலில் விழுகிறவன் ஒரு பால்காரர் மகன். திறந்தது யார் என்பதுதான் மர்மம்.

இதை மாயாஜாலக் கதை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்கிற சண்டைதான் இந்தப் பிரதி முழுக்க நடக்கிறது. நான் சின்ன வயசில் எழுத்துக் கூட்டிப் படித்த அம்புலிமாமாக்களில் ராஜா இருந்தார், மந்திரி இருந்தார், பிராமணர் இருந்தார், வியாபாரி இருந்தார். மரத்தில் தொங்குகிற வேதாளம்கூட இருந்தது. சேரி இருந்ததாக ஞாபகம் இல்லை. வேதாளத்துக்குக் கிடைத்த இடம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆக, எங்கோ இங்கிலாந்தில் எழுதிய கதையில் நம் பிள்ளைகள் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எங்கே பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லவேண்டும். மால்ஃபாய் என்கிற பணக்கார வம்சத்துப் பையன், ஹெர்மாய்னி என்கிற பெண்ணைப் பார்த்து ஒரு சொல்லைத் துப்புகிறான். மட்பிளட். நேராகப் பெயர்த்தால் சேற்று ரத்தம். அப்படித்தான் சொன்னேன். பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஒரு பையன் கேட்டான்: "நம்மள சொல்வாங்களே, அந்த மாதிரியாண்ணா?" ஆமாம் என்றேன். உடனே அவனே மொழிபெயர்த்தான். அவன் சொன்ன வார்த்தையை இங்கே அச்சில் போடமாட்டேன். இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததுமே மைதானத்தில் இருந்தவர்கள் கொதித்து எழுகிறார்கள். விளையாட்டு அணி மால்ஃபாய்மேல் பாய்கிறது. ரான் தன் உடைந்த மந்திரக்கோலை நீட்ட, மந்திரம் திருப்பி அடித்து அவன் வாயிலிருந்தே ஓடில்லாத நத்தைகள் கொட்டுகின்றன. எழுத்தாளர் சிரிக்க வைத்திருக்கிற இடம். எங்கள் பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அந்த வார்த்தைய சொன்னதுக்கா எல்லாரும் எழுந்துகிட்டாங்க?" என்றாள். பறக்கிற காரை நம்பினார்கள், பேசுகிற டைரியை நம்பினார்கள். இதை அவர்கள் நம்பவில்லை.

சிரித்தது வேறொரு இடத்தில். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றே தனக்குத் தெரியாது, ஏதோ கெட்ட வார்த்தை என்பது மட்டும் புரிந்தது என்று ஹெர்மாய்னி சொல்கிறாள். "அவளுக்குத் தெரியாதாமாம்டா!" விழுந்து விழுந்து சிரித்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கு வசவு தெரியாது! ரோலிங் தன்னை அறியாமல் தன் கதையின் எல்லையைக் காட்டிவிடுகிற இடம் இது என்று நினைக்கிறேன். ஹெர்மாய்னியின் அப்பா அம்மா பல் டாக்டர்கள். விடுமுறைக்கு அவள் போகிற வீட்டில், அந்தத் தெருவில், அந்தச் சொல் செல்லாக்காசு. நம் பிள்ளைக்குப் பள்ளியில் கேட்ட சொல்லே கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் கூடவே வரும். 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லதுதான். தெருப்பெயரே வசவாக இருந்த நாட்டில் இருந்து படிக்கிறோம் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

அந்த அவமானத்துக்கு ஹாக்ரிட் என்ற பெரிய உருவத்து மனிதர் சொல்கிற ஆறுதலைக் கவனியுங்கள். நம்ம ஹெர்மாய்னியால் போடமுடியாத மந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்கிறார். அன்பான ஆள், அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் இதுதான் தகுதிவாதம். அவள் கெட்டிக்காரி, அதனால் அவளைத் திட்டியது தப்பு. அப்போ பால்காரர் மகன்? அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஹாரி பின்னால் அலைகிற சாதாரணப் பையன். அவனுக்கு என்ன வாதம் வைத்திருக்கிறது இந்தப் பிரதி? முதல் மதிப்பெண் வாங்கினால்தான் மனுஷன் என்கிற பேச்சை இட ஒதுக்கீட்டு எதிர்ப்பாளர்களிடம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது நமக்கு.

டாபிக்கு வருகிறேன். மால்ஃபாய் வீட்டு அடிமை. ஒரு பழைய தலையணை உறைதான் உடுப்பு. எஜமானைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொள்வான். எஜமான் கையால் ஒரு துணி கிடைத்தால் விடுதலை. ஹாரி தன் காலுறைக்குள் டைரியைத் திணித்து மால்ஃபாயின் அப்பாவிடம் கொடுக்க, அவர் காலுறையை உருவி எறிய, அது டாபி கையில் விழுகிறது. தீர்ந்தது அடிமைத்தனம். வகுப்பில் கைத்தட்டல்.

எனக்குக் கைதட்ட வரவில்லை, கல்வராயன் மலை ஞாபகம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து மேற்கே பார்த்தால் அந்த மலை தெரியும். 1976 வரை அந்த மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு விடுதலையடைந்து 29 வருஷம். மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாத வேலை செய்தார்கள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "கூலியா? கூப்ட்டா போவணும். அவ்ளோதான் கணக்கு." ஒருத்தர் காலுறையில் முடிகிற விஷயமில்லை அது. நான்காவது பாகத்தை (2000) பிறகு நான் தனியாகப் படித்தேன். ஹாக்வர்ட்ஸ் சமையற்கட்டிலேயே டாபி மாதிரி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூலியில்லாமல் வேலை செய்கிறார்கள் என்று அதில்தான் தெரிகிறது. அப்படியானால் இரண்டாம் பாகத்தின் முடிவில், எல்லாம் நல்லபடி முடிந்தது என்று ராத்திரியெல்லாம் விருந்து நடக்கிறதே, அதைச் சமைத்தது யார்? அவர்களுக்காக ஹெர்மாய்னி சங்கம் கட்டும்போது நண்பர்களே கேலி செய்கிறார்கள். எழுத்தாளரும் கொஞ்சம் சேர்ந்து சிரிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. சங்கம் கட்டியவர்களுக்கு அந்தச் சிரிப்பு பழக்கம்.

மர்மக் கதைக்கென்று ஒரு நோய் உண்டு. அதற்கு ஒரு குற்றவாளி வேண்டும், ஒரே ஒருத்தன். அறையைத் திறந்தது யார் என்று பக்கம் பக்கமாகத் தேடுகிறார்கள். அறையைக் கட்டியவன் பெயரில் பள்ளிக்குள் ஒரு இல்லம் இன்னும் நடக்கிறதே, வருஷா வருஷம் அதில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களே, அதை ஏன் மூடவில்லை என்று ஒரு ஆசிரியர்கூடக் கேட்பதில்லை. பாம்பு செத்ததும், டைரி அழிந்ததும் தேர்வுகளை ரத்து செய்துவிட்டு விருந்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தப் புத்தகம் நம் துப்பறியும் நாவல்களைவிட நேர்மையானது. அவசரத்தில் பிடிக்கப்படுகிற ஆள் யார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாலும் அறை திறந்திருக்கிறது. ஒரு மாணவி செத்திருக்கிறாள். அப்போது பழி ஹாக்ரிட் மேல் விழுந்தது. பெரிய உடம்பு, தாறுமாறான முடி, காட்டுப் பிராணிகளோடு சகவாசம். பள்ளியிலிருந்து நீக்கி, மந்திரக்கோலை முறித்துப்போட்டார்கள். இப்போது மறுபடி திறந்ததும் மந்திரி நேரே அவர் குடிசைக்குத்தான் வருகிறார். விசாரணை கிடையாது. ஏதோ நடவடிக்கை எடுத்ததாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான். தலைமையாசிரியரும் இடைநீக்கம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தவர்களில் கணிசமானோர் நம் மக்கள். ஆட்சியரை மாற்றினார்கள், காவல் கண்காணிப்பாளரை இடைநீக்கம் செய்தார்கள், கல்வராயன் மலைக்குப் போலீசை ஏற்றினார்கள். மெத்தனால் மலையில் காய்ச்சுகிற சரக்கா? அது ஆலைகளுக்குப் போகிற ரசாயனம். நகரத்துக்கு நடுவில் விற்றது. இருந்தாலும் கள்ளக்குறிச்சியில் சாராயம் என்றால் கை தானாக மலையைக் காட்டும். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992இல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நீதிமன்றம் 2011இல்தான் சொன்னது. பத்தொன்பது வருஷம். ஹாக்ரிட் ஐம்பது வருஷம் காத்திருந்தார். கதையில் அவர் திரும்பி வரும்போது எல்லோரும் மகிழ்கிறார்கள். முறித்த கோலுக்கு யார் பொறுப்பு என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அந்தச் செத்துப்போன மாணவிதான் மிர்ட்டில். இந்தப் புத்தகத்தில் எனக்கு வேண்டியவள் அவள் ஒருத்திதான். சாதாரண வீட்டிலிருந்து வந்தவள். கண்ணாடி போட்டிருக்கிறாய் என்று இன்னொருத்தி கிண்டல் செய்ததால் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள், அங்கேயே செத்தாள். ஆவியாகி அதே கழிவறையில் கிடக்கிறாள். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அவள் அழுகை கதையில் ஒரு நகைச்சுவை. முனகல் மிர்ட்டில் என்று பட்டப்பெயர். பள்ளிக் கழிவறை என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வரும். நான் படித்த இடத்தில் அதற்குத் தண்ணீர் தூக்கிக் கழுவ எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள் என்பது எழுதாத சட்டம். அழ ஒரு இடம் வேண்டுமென்றால் எங்களுக்கும் அந்த இடம்தான்.

ஐம்பது வருஷமாக மந்திரி, தலைமையாசிரியர், வாத்தியார்கள் எல்லோரும் இருக்கிறார்கள். செத்தவள் அதே கட்டடத்தில், பேசுகிற வாயோடு இருக்கிறாள். நீ எப்படிச் செத்தாய் என்று அவளிடம் கேட்டு உருப்படியாக எதையும் கண்டுபிடித்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில் ஹாரி கேட்கிறான். அவள் முகம் மலர்ந்துபோகிறது. யாரும் தன்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதுபோலச் சொல்லத் தொடங்குகிறாள்: ஒரு ஆண் குரல் கேட்டது, கதவைத் திறந்தேன், இரண்டு பெரிய மஞ்சள் கண்கள். அந்தக் குழாய்ப் பக்கம் என்று கை காட்டுகிறாள். அங்கேதான் அறையின் வாசல். மர்மம் அவிழ்ந்தது ஒரு சாட்சியத்தால். அதைச் சொல்லி முடித்ததும் பிரதி அவளை மறுபடி கேலிப்பொருளாக்கி, ஹாரிமேல் ஆசைப்படுகிற பேயாகக் கழிவறையிலேயே விட்டுவிடுகிறது. கல்லாய்ச் சமைந்தவர்களெல்லாம் மருந்து குடித்து எழுந்துவிடுகிறார்கள். அவளுக்கு மருந்து கிடையாது.

கருணாபுரத்துக்கு வந்த மைக்குகளை நான் பார்த்தேன். அந்தப் பெண்களிடம் எத்தனை பாக்கெட் குடிச்சாரு, தினமும் குடிப்பாரா, எவ்வளவு பணம் வந்துச்சு என்று கேட்டார்கள். என்ன பாத்தீங்க, யாருகிட்ட எப்பவே சொன்னீங்க, யாரு கேக்கல என்று கேட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் வழக்கை சிபிஐக்கு மாற்றியது.

கதை முடிந்த ராத்திரி பிள்ளைகள் எழுந்து போகவில்லை. அந்த ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "மிர்ட்டிலோட அம்மா அப்பா வந்தாங்களாண்ணா?" எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பக்கங்களைத் திருப்பினேன். ஒரே இடத்தில் இருக்கிறது. டாம் ரிடில் ஹாக்ரிட்டை மடக்கிப் பிடிக்கிறபோது சொல்கிறான்: செத்த பெண்ணின் பெற்றோர் நாளைக்கு வருகிறார்கள், அவளைக் கொன்ற பிராணியைக் கொன்றுவிட்டோம் என்றாவது அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்கிற அர்த்தத்தில். கொன்றவனே அவன்தான். அந்த அப்பா அம்மாவைப் பற்றி அந்தப் புத்தகத்தில் பேசுகிற ஒரே ஆளும் அவன்தான். நாளைக்கு வருகிறார்கள் என்கிறான், அதோடு சரி. மறுநாள் சாயங்காலம் அவளிடம் அதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "ரயில்ல வந்துருப்பாங்க இல்ல," என்றாள்.