பெயர் சொல்லியும் உரிமை மீறலாம்

‘ஆசிரியர் பெயரைக் கீழே போட்டுவிட்டோம், பிறகு குற்றம் ஏது?’ ஹுத்தான் மெலிந்தாங் தோட்டப் பள்ளிகளில் விழா மலர் தொகுப்போரிடையே மட்டுமன்று, கற்றறிந்தோரிடையேயும் இக்கேள்வி உண்டு. இது பிழையான எண்ணம் என்பதற்குப் பாரதியார் பாடல்களின் வரலாறே சான்றாகும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்னும் நூல் அவ்வரலாற்றை ஆவணங்களோடு விரித்துரைக்கின்றது.

பாரதியார் மறைந்தது 1921இல். பின்னாளில் அவர் எழுத்தின் உரிமை ஒரே கையில் தங்கவில்லை. நூலாக அச்சிடும் உரிமை தம்பி சி. விசுவநாதனிடமும், இசைத்தட்டு, திரைப்படம் முதலியவற்றிற்குரியது ஏவி. மெய்யப்பனிடமும் இருந்தன. டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடல் ஒன்று இடம்பெறவே, மெய்யப்பன் எதிர்த்தார். அதனைத் தம் பாடல் என்றா அச்சகோதரர்கள் சொன்னார்கள்? இல்லை, பாரதியாரின் புகழை மேடைதோறும் வளர்த்தவர்கள் அவர்கள். ஆயினும் இசைவு பெறவில்லை என்பதே தகராறு. அன்றைய பேச்சில் மெய்யப்பன் பேராசைக்காரராக்கப்பட்டார். சட்டமோ அவர் பக்கமே இருந்தது. 1949இல் சென்னை அரசு உரிமையை ஏற்றபோது அவர் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார் என்பதையும் மறத்தலாகாது. 1955இல் பாடல்கள் மக்களுக்குப் பொதுவாயின.

எழுத்துத் திருட்டு வேறு. உரிமை மீறல் வேறு. இன்று பாரதியார் பாடலைத் தன் பெயரில் ஒருவன் அச்சிட்டால் அது திருட்டு. ஆனால் அங்கே பறிபோகும் உடைமை எவருக்கும் இல்லை. வாழும் எழுத்தாளரின் சிறுகதையை அவர் பெயரோடு, இசைவின்றி, மலரில் முழுமையாக வெளியிட்டால் அது திருட்டன்று; மீறல். பாரதியார் நாட்டுடைமையானது நல்லதே. எனினும், நாம் போற்றும் எழுத்தெல்லாம் நமக்குப் பொது என்னும் மயக்கத்தையும் அது நம்மிடையே விட்டுச் சென்றது.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை. கருத்து பெற்ற வடிவத்தையே காக்கின்றது. கள்ளுக்கடை வாயிலில் கணவனுக்காகக் காத்துநிற்கும் பெண்ணின் துயரை எத்தனை பேரும் எழுதலாம். ஒருவர் அமைத்த உரையாடலையும் நிகழ்ச்சிக் கோவையையும் பெயர்த்தெடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவதே தவறு. இவ்வுரிமைக்குப் பதிவு வேண்டியதில்லை. ஆசிரியர் மறைந்தபின் ஐம்பது ஆண்டு நீடிக்கும். வகுப்பில் விளக்கத்திற்காக, மூலத்தையும் பெயரையும் சுட்டி, அளவோடு எடுத்தாளச் சட்டம் இடந்தருகின்றது. விழா மலர் வகுப்பறை அன்று. அதில் அச்சகத்தாருக்குக் கூலியுண்டு, தாள் கடைக்கு விலையுண்டு. கதாசிரியருக்கு மட்டும் பெயரே போதும் என்கிறோம். நம் நாட்டு எழுத்தாளர்களோ எட்டாத் தொலைவில் இல்லை. ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் பெரும்பாலோர் மறுக்கவும் மாட்டார்கள்.