ஷர்லி ஜாக்ஸன்: பேயும் வீடும்

அமெரிக்க எழுத்தாளர் ஷர்லி ஜாக்ஸனைப் (1916–1965) பீதிக்கதைக்காரர் என்று ஒதுக்கிவைத்தது விமர்சனத்தின் சோம்பல். 1948 ஜூனில் ‘நியூ யார்க்கர்’ வெளியிட்ட ‘தி லாட்டரி’யில் பேய் கிடையாது. நல்ல வெயிலில் ஊர் கூடிச் சீட்டெடுத்துத் தங்களில் ஒருத்தியைக் கல்லாலடித்துக் கொல்கிறது. முந்நூறுக்கு மேல் கடிதங்கள் வந்தன. திட்டியவர்களை விடுங்கள், இது எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரித்தவர்கள்தாம் கதைக்கு அத்தாட்சி.

வெர்மான்ட் சிற்றூரில் குழந்தைகளை வளர்த்த பாட்டை வேடிக்கையாகவும் எழுதினார் (1953). அதைப் பெண்கள் பத்திரிகைச் சமாசாரமென்று தள்ளிவிட்டு, ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959) நாவலை மட்டும் எடுத்துக்கொள்வது சரியல்ல. இரண்டிலும் இருப்பவள் வீட்டைவிட்டால் போக்கிடமில்லாத பெண். பதினொரு வருஷம் நோயாளித் தாய்க்குப் பணிவிடை செய்த எலினோர், பேய்வீட்டில்தான் தன்னை வேண்டியவளாக உணர்கிறாள். சுவரைத் தட்டும் சத்தங்கள் எனக்கு மறந்துவிட்டன; அவள் கிளம்ப மறுப்பது மறக்கவில்லை.