வெடிக்காத நிலம்

உங்கள் வீட்டு ப்ளஸ் ஒன் பெண்ணோ பையனோ செல்போனை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தால் உடனே திட்டாதீர்கள். படம் வரைந்துகொண்டிருக்கலாம். ஐபிஸ் பெயின்ட் என்று ஒரு சமாசாரம், இலவசம். லேயர் லேயராக வரையலாம்; கோடு பிசகினால் ஒரு தட்டு, பழையபடி. கும்பகோணத்தில் ஓவியம் படித்த தஞ்சாவூர்க்காரர் கோபுலுவுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. பக்கவாதத்தில் வலது கை முடங்கியதும் இடது கையால் பழகி வரைந்தார் மனுஷர்.

வசதியில் தப்பில்லை. சமூக விமரிசனம் என்று இந்த வயசில் வரைவதைப் பற்றித்தான் என் புகார். விவசாயி கஷ்டமா? வெடித்த நிலம், தூக்குக் கயிறு. பெண்ணடிமையா? தைத்த வாய். செல்போன் மோகமா? கையில் விலங்கு. (அதையும் செல்போனில்தான் வரைகிறார்கள்!) நிழல், வெளிச்சமெல்லாம் கச்சிதம். ஆனால் மெக்ஸிகோவில் உட்கார்ந்தும் இதையே வரையலாமே.

மயிலாடுதுறைப் பிள்ளை எதற்கு வெடித்த நிலத்தை வரைய வேண்டும்? காவிரி காய்ந்த வருஷங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மழையும் அழ வைக்கும். அக்டோபரில் குறுவை அறுப்பு. அதே சமயம் வடகிழக்குப் பருவமழை. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டுக் காத்திருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு எழுதி, அங்கிருந்து குழு வந்து பார்ப்பதற்குள் குவியலிலேயே நெல் முளைத்துவிடும். மீட்டரில் என்ன எண் வருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த முகம்... அதை வரைந்தால் என்ன?

2017-ல் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை கலெக்டர் ஆபீஸில் ஒரு குடும்பமே தீக்குளித்துச் செத்தது. கார்ட்டூனிஸ்ட் பாலா போட்ட படத்தில் எரிகிற குழந்தை. முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் ரூபாய் நோட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு. ஃபேஸ்புக்கில் பரவியது. கலெக்டர் புகாரில் நவம்பர் 5 கைது, மறுநாள் ஜாமீன். அந்த நிர்வாணம் எனக்கு உவப்பில்லை. ஆனால் எந்த ஊர், என்ன விஷயம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தைத்த வாய்க்கு எந்தக் கலெக்டர் புகார் கொடுக்கப்போகிறார்?

'பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்கிறீரா?' என்று கோபிக்காதீர்கள். மீட்டரையும் முகத்தையும் வரைய யார் பேரையும் போட வேண்டியதில்லை. கொள்முதல் நிலையம் வரை ஒருநாள் சைக்கிளில் போய் வரட்டும், போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு.