‘பொரித்தெடுக்கவும்’ என்றால் யார்?

கீட்டோ சமையல் குறிப்புகளில் அடிக்கடி கண்ணில் படுவது நெய்யில் பொரித்த பன்னீர். செய்முறை மூன்றே வரிதான். பன்னீரை விரல் நீளத்துக்கு நறுக்கவும். ஈரம் போகத் துடைக்கவும். நெய்யைக் காயவைத்துப் பொன்னிறமாகப் பொரித்தெடுக்கவும். விரும்புவோர் நெய்க்குப் பதிலாகப் பன்றிக் கொழுப்பையோ மாட்டுக் கொழுப்பையோ பயன்படுத்தலாம் என்று ஓர் அடைப்புக்குறி.

இந்த மூன்று வரிகளிலும் எழுவாய் இல்லை. நறுக்குவது யார், சூடான நெய்க்கு முன்னால் நிற்பது யார் என்று மொழி சொல்வதில்லை. தமிழ்ச் சமையல் குறிப்பின் ‘அவும்’ மரியாதையான விகுதி. அது யாரையும் அதட்டாது, யாரையும் பெயர் சொல்லி அழைக்கவும் செய்யாது. அந்த இடத்தில் நிற்கப்போவது யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. உண்பவரைப் பற்றியோ நிறையத் தகவல் உண்டு. அவருடைய எடை, அவருடைய சர்க்கரை அளவு, அவர் ஒரு நாளில் தாண்டக்கூடாத மாவுச்சத்துக் கணக்கு எல்லாம் எழுதப்படுகின்றன. உணவுமுறை எழுத்தின் நாயகர் உண்பவர்தான்.

இந்த உணவுமுறை தொடங்கிய இடத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக இதை முன்வைத்தார். ஒவ்வொரு வேளை உணவையும் கிராம் கணக்கில் நிறுத்துத் தர வேண்டியிருந்தது. மருத்துவமனையில் அதைச் செய்தவர்கள் உணவியல் வல்லுநர்கள், வீட்டில் பெரும்பாலும் தாய்மார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்த மில்லிசென்ட் கெல்லியின் பெயர் இன்றும் நினைவுகூரப்படுகிறது. வலிப்பு நோயுள்ள குழந்தையின் தாயைப் பற்றி 1997இல் வந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தில் அவர் தாமாகவே நடித்தார். 1972இல் வெளிவந்த ராபர்ட் அட்கின்ஸின் புத்தகத்தோடு மாவுச்சத்தைக் குறைப்பது எடை குறைப்புக்கான பெரும் சந்தையாயிற்று. சிகிச்சையில் தராசு பிடித்த பெண்ணுக்குப் பெயர் இருந்தது. சந்தைக்கு வந்தபின் புத்தகம் எழுதியவரின் பெயர் மட்டும் மிஞ்சியது.

பொரிக்கும் வேலையையும் கொஞ்சம் பார்ப்போம். பன்னீர் புளிப்புச் சேர்த்துத் திரிக்கப்படுவதால் சூட்டில் உருகாது, அந்த வகையில் நல்லது. ஆனால் உள்ளே நீர் இருப்பதால் நெய்யில் விழுந்ததும் தெறிக்கும். மோசரெல்லா உருகி ஓடும். அதைத் தடுத்து நிறுத்துவது மைதாவும் ரொட்டித்தூளும். கீட்டோவில் இரண்டுக்கும் தடை. எனவே சீஸை உறையவைத்து, முட்டையில் தோய்த்து, துருவிய கெட்டிச் சீஸிலோ பொடித்த பன்றித்தோல் வறுவலிலோ புரட்டி, மறுபடி உறையவைத்துப் பொரிக்க வேண்டும். நெய் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை புகையாமல் தாங்கும். பன்றிக் கொழுப்பு 190ஐ ஒட்டியே புகையத் தொடங்கும், பொரிக்கத் தேவையான சூடும் ஏறத்தாழ அதுவே. அடுப்பை விட்டு அந்தப் பக்கம் நகர முடியாது. உண்பவரின் தட்டிலிருந்து விலக்கப்படும் ஒவ்வொரு பொருளும் சமைப்பவருக்கு ஒரு கூடுதல் வேலையாகிறது. பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சோறும் குழம்பும் எப்போதும்போல் ஆக வேண்டும். கீட்டோ வந்ததால் எந்தச் சமையலும் நின்றுவிடவில்லை, பக்கத்து அடுப்பில் இன்னொன்று ஏறியிருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குறைத்துச் சாப்பிடு என்று கேட்டே வளர்கிறவர்கள் பெண்கள். கொழுப்பைச் சாப்பிடு, வயிறு நிறையும்வரை சாப்பிடு என்று பெண்ணிடம் சொன்ன உணவுமுறைகள் அதிகமில்லை. சினைப்பை நீர்க்கட்டிக்காக மாவுச்சத்தைக் குறைக்கும் ஒருத்தி, தனக்கென்று ஒரு கிண்ணம் பன்னீரை நெய்யில் பொரித்துச் சூடாக முதலில் உண்பாளானால், அந்தக் காட்சியை நான் கேலி செய்யமாட்டேன். அதில் ஒரு விடுதலை இருக்கிறது. ஆனால் அந்த விடுதலையும் நிபந்தனையோடுதான் கிடைக்கிறது. வயிறு நிறைய உண்ணும் உரிமை, உடல் இளைக்கும் என்ற வாக்குறுதியின் பேரில் தரப்படுகிறது. முள் இறங்காத மாதத்தில் அதே நெய் ‘வீண் செலவு’ ஆகிவிடும்.

அந்த அடைப்புக்குறிக்குத் திரும்புவோம். நெய் வாக்கியத்துக்குள் இருக்கிறது, மாட்டுக் கொழுப்பு அடைப்புக்குறிக்குள். தமிழ் இப்படிப் பிரித்துவைக்கவில்லை. எள்ளின் நெய் எண்ணெய், வெள்ளை நெய் வெண்ணெய். எல்லாம் ஒரே சொல்லின் பிள்ளைகள். பிரித்தது சாதி. மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஷாஹு பாட்டோலே மராத்தியில் எழுதி 2015இல் வெளிவந்த நூல், எண்ணெயும் நெய்யும் பாலும் வாய்க்காத அடுப்புகளின் வரலாறு. மாட்டிறைச்சியையும் அதன் கொழுப்பையும் உண்டதற்காகவே ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே உண்டு. அதே கொழுப்பு இன்று கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு ஆரோக்கிய உணவாக விற்பனைக்கு வருகிறது. அதை உருக்கியும் வடித்தும் வைக்கத் தெரிந்த பெண்களிடம் இந்தக் குறிப்புகள் எதையும் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

கொழுப்பைப் பற்றிய தீர்ப்புகள் மாறும்போதெல்லாம் குற்றவுணர்ச்சி பெண்களின் வாசலில்தான் இறக்கப்படுகிறது. 1911இல் அமெரிக்காவில் கிரிஸ்கோ வந்தபோது, பன்றிக் கொழுப்பை விட்டுவிடுவதே நல்ல இல்லத்தரசிக்கு அழகு என்றது விளம்பரம். 1937 முதல் இங்கே டால்டா தாயன்பின் பெயரால் விற்கப்பட்டது. பின்னர் வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்பு கெடுதல் என்றானது. இப்போது விலங்குக் கொழுப்பே மேல் என்கிறார்கள். எது சரி என்பதை மருத்துவம் சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் வாணலியை மாற்றிக்கொண்டவள் ஒருத்தியே.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர் விற்று, வீட்டாரை உண்ணவைக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தந்தால் வாங்க மறுத்து எருமையும் பசுவுமாகக் கேட்டுப் பெறுகிறாள். அவளுக்கும் வேலைச்சுமை குறைவில்லை. ஆனால் நெய்யின் விலையைச் சொன்னது அவள் வாய், அந்த வாக்கியத்துக்கு எழுவாய் இருந்தது.

கீட்டோ குறிப்பு எழுதுகிறவர்களிடம் கேட்பதற்கு ஒன்று உண்டு. மாவுச்சத்து எத்தனை கிராம் என்று எழுதும் இடத்திலேயே, இதைச் செய்ய எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், மீந்த நெய்யை யார் வடிகட்டுவது, பாத்திரத்தின் பிசுக்கை யார் தேய்ப்பது என்பதையும் எழுதுங்கள். வாசிக்கும் நாமும் அடுத்த முறை ‘பொரித்தெடுக்கவும்’ என்ற சொல் வரும்போது, அதற்கு முன்னால் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் மாற்றி மாற்றி வைத்து, உரக்கப் படித்துப் பார்க்கலாம்.