அலைச்சலை அளக்கும் கோல்

அரசுப் படிவத்தை நிரப்ப மக்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அந்தப் படிவத்திலேயே அச்சிடுவது அமெரிக்க மத்திய அரசின் வழக்கம். 1980-இல் வந்து 1995-இல் திருத்தப்பட்ட சட்டம் அதற்கு அடிப்படை. நெதர்லாந்து அதையே பணக்கணக்காக்கியது: செலவாகும் நேரத்தை மணிக்கூலியாலும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, தொழில் நிறுவனங்களின் சுமையில் கால்பங்கைக் குறைக்க இலக்கு வைத்தது.

இம்முறையின் பலம், ஒவ்வொரு கேள்விக்கும் விலை தெரிந்துவிடுவது. விலை தெரிந்தால், ‘வருமானச் சான்றை ஆண்டுதோறும் ஏன் புதுப்பிக்க வேண்டும்?’ என்று அதிகாரியைக் கேட்கலாம். நம் ஊரில் மனு பதிவான பிறகு கோப்பு எத்தனை நாள் தேங்கியது என்றுதான் கணக்கு. அதற்கு முன் மனுதாரர் அலைந்த நாட்கள் எதிலும் ஏறுவதில்லை.

ஆனால் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளிக்கு இந்தக் கோலை வைத்துப் பாருங்கள். படிவத்துக்கு இருபது நிமிடம் போதும். வி.ஏ.ஓ. ஊரில் இல்லையென்றால் அன்றைய கூலியே போச்சு. மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில். எதற்கு எங்கே போவது என்று தெரிந்துகொள்ளவே ஒரு நடை. அவர் கூலி குறைவு என்பதால் அவருடைய அலைச்சலும் மலிவாகத் தெரியும். இதைவிட மோசம், சலித்துப்போய் மனுவே போடாதவர் எண்ணிக்கையில் வரமாட்டார். படிவம் கடினமாக ஆக மனுக்கள் குறையும். மொத்தச் சுமையும் குறைந்ததுபோலத் தெரியும்.

2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையில் நல்ல மாற்றம் ஒன்று நடந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்பு வைத்தும், வருமானச் சான்று கேட்கவில்லை. அரசே தன் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டது. ஆனால் நிராகரிக்கப்பட்டவர் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. பலருக்குக் குறைந்த சுமை சிலர் தலையில் இறங்கியது. சராசரி இதைக் காட்டாது.

எல்லாக் காகிதமும் வீண் என்பதல்ல. வாரிசுச் சான்றுக்கான விசாரணை, கணவனை இழந்தவளின் சொத்தைப் பங்காளிகளிடமிருந்து காக்கவும் செய்யும். ஆகவே அளவுகோலைத் தூக்கியெறிய வேண்டாம், அலகை மாற்றினால் போதும். இழந்த கூலிநாள், திருப்பி அனுப்பப்பட்ட தடவை, தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தாலுகா வாரியாக எடுத்தால்தான் சுமை குறைந்ததா, இடம் மாறியதா என்று சொல்ல முடியும்.