சிரிக்க வைத்த சிறுவனுக்குச் சேர வேண்டிய கூலி

அமெரிக்கத் தொலைக்காட்சியின் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரின் பெயர் அடிபடும். அதில் நடித்த மூன்று பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கை அப்படி. டேனா பிளேட்டோ 1999இல், 34 வயதில், அளவுக்கு மீறிய மருந்தால் இறந்தார். டாட் பிரிட்ஜஸ் போதைப் பழக்கத்தில் விழுந்து, நீதிமன்றப் படியேறி, பிறகு மீண்டு வந்தார். மூவரில் இளையவரும் மற்ற இருவரையும்விடப் பெரிய பெயர் எடுத்தவருமான கேரி கோல்மன் 2010 மே 28 அன்று யூட்டா மாநிலத்தின் புரோவோ நகர மருத்துவமனையில் 42 வயதில் காலமானார். இந்த மூன்று கதைகளையும் ஒன்றாகக் கட்டி, 'சாபம்' என்று தலைப்புப் போட்டு முடிப்பது பத்திரிகைகளுக்குப் பழகிய வழி. சாபம் என்று சொல்லிவிட்டால் யாரிடமும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கோல்மனின் நடிப்பை ஒருபுறமும், அந்த நடிப்பில் வந்த பணம் போன வழியை மறுபுறமும் வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவாகவே இருக்கிறது. பத்து வயதுச் சிறுவன் செய்தது வேலை. அதுவும் தேர்ந்த தொழில்காரர் செய்யும் வேலை. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அதைச் சுட்டித்தனம் என்று ரசித்தார்கள், உழைப்பு என்று மதிக்கவில்லை. அவருடைய இழப்புகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். 1978 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த கறுப்பினச் சகோதரர்கள் இருவர், தாய் இறந்த பிறகு, அவர் வேலை பார்த்த பணக்கார வெள்ளையர் வீட்டில் வளர்கிறார்கள். தம்பி ஆர்னால்டாக கோல்மன், அண்ணன் வில்லிஸாக பிரிட்ஜஸ், பணக்காரரின் மகளாக பிளேட்டோ. ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்துப் படமாக்கப்பட்ட நகைச்சுவைத் தொடர் என்பதால், நடிகருக்கு மேடைக்கலைஞரின் காது வேண்டும். சிரிப்பு எழுந்து, உச்சத்துக்குப் போய், அடங்கத் தொடங்கும் நேரத்தில்தான் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பில் அமுங்கிப்போகும். பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். அனுபவப்பட்ட பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது. கோல்மன் பத்து வயதிலேயே இதைக் கைக்குள் வைத்திருந்தார். அவருடைய புகழ்பெற்ற பஞ்ச் டயலாக்கான 'வாட்ச்சு டாக்கின் பவுட், வில்லிஸ்?' என்பதையே எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் ஏதோ சொல்கிறான். உடனே பதில் வருவதில்லை. முதலில் கண்கள் சுருங்குகின்றன, கன்னங்கள் உப்புகின்றன, உதடு பிதுங்குகிறது, முகம் மெல்ல அண்ணன் பக்கம் திரும்புகிறது. வரி வருவதற்கு முன்பே அரங்கில் சிரிப்பு தொடங்கிவிடுகிறது. வசனத்தில் பெரிதாக எதுவும் இல்லை. எத்தனை நொடி காத்திருப்பது என்ற கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் கணக்கு தானாக வந்துவிடுவதில்லை. எட்டு சீசன்களாக, வாரம் தவறாமல், அதைப் பிசகாமல் செய்து காட்டினார்.

சிரிப்புக்கு மட்டும்தான் அந்தத் திறமை என்றும் சொல்ல முடியாது. 1983இல் ஒளிபரப்பான 'தி பைசிக்கிள் மேன்' என்ற இரண்டு பாகக் கதையில், சிறுவர்களிடம் அன்பாகப் பழகித் தவறாக நடக்கப் பார்க்கும் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் வருகிறார். அமெரிக்கக் குடும்பத் தொடர்கள் அதுவரை தொடத் தயங்கிய விஷயம் அது. கடையின் உள்ளறையில் ஏதோ சரியில்லை என்று ஆர்னால்டுக்குப் படுகிறது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நண்பனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறான். வீட்டில் உள்ளவர்களிடம் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். வழக்கமான துடுக்கை அப்படியே கழற்றி வைத்துவிட்டு அந்தத் தயக்கத்தைக் குரலில் கொண்டுவந்தார் கோல்மன். அப்போது அவருக்கு 15 வயது. தன்னைவிடச் சின்னவனான பாத்திரத்தில் நடித்துக்கொண்டிருந்தார் என்பது பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்த வயது வித்தியாசத்தில்தான் இந்தக் கதையின் சிக்கல் இருக்கிறது. கோல்மன் பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு உள்ளவர். 1973இல், ஐந்து வயதில், முதல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது, 1984இல் இரண்டாவது. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. டயாலிசிஸ் வாழ்க்கையின் பகுதியானது. நோயும் அதற்கான மருந்துகளும் சேர்ந்து உடல் வளர்ச்சியை 4 அடி 8 அங்குலத்தோடு நிறுத்தின. பார்வையாளர்கள் கொஞ்சி மகிழ்ந்த உருண்டைக் கன்னமும் குட்டி உருவமும் ஒரு நோயாளிப் பிள்ளையின் உடல். தொடரைத் தயாரித்தவர்களுக்கோ அது வளராத குழந்தை என்ற அரிய சரக்கு. பொதுவாகக் குழந்தை நட்சத்திரத்தின் குரல் உடைந்ததும், மீசை அரும்பியதும் அவரை வைத்துப் பிழைத்த தொடர் தள்ளாடும். இங்கே அந்தச் சிக்கல் வரவில்லை. 1985இல் என்பிசி கைவிட்ட தொடரை ஏபிசி எடுத்துக்கொண்டது. 1986இல் நிறுத்தப்பட்டபோது கோல்மனுக்கு 18 வயது. பதின்பருவம் முழுக்க ஒரே சிறுவனின் முகபாவங்களைத் திரும்பத் திரும்பச் செய்த நடிகருக்கு, வேறு பாத்திரங்களில் தன்னைச் சோதித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. இடையில் திரைப்படங்களும், அவர் பெயரிலேயே ஒரு கார்ட்டூன் தொடரும் வந்தன. அவையும் அதே சுட்டிப்பையனைத்தான் விற்றன.

அடுத்து பணம். புகழின் உச்சத்தில் அவருக்கு ஓர் எபிசோடுக்கு ஒரு லட்சம் டாலர் வரை கிடைத்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய குழந்தை நடிகர்களில் அவரும் ஒருவர். 1989இல் அதே கோல்மன் தன் வளர்ப்புப் பெற்றோர் மீதும் முன்னாள் மேலாளர் மீதும் வழக்குத் தொடுத்தார். தன் டிரஸ்ட் பணத்தைக் கையாடினார்கள் என்பது குற்றச்சாட்டு. 1993இல் அவருக்குச் சாதகமாக 12.8 லட்சம் டாலர் தீர்ப்பானது. ஆனால் எட்டு சீசன் உழைப்பின் கணக்கு அதில் நேராகவில்லை. 1999இல் திவால் மனு கொடுத்தார். அதற்குள் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதி வணிக வளாகம் ஒன்றில் செக்யூரிட்டி வேலையும் பார்த்திருந்தார்.

இதற்குப் பேராசை பிடித்த நாலு பேரை மட்டும் காரணம் காட்டினால் போதாது, சட்டமே வழிவிட்டிருந்தது. 1921இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், சிறுவயதில் சம்பாதித்த பல லட்சம் டாலர் செலவழிந்துபோனது தெரிந்து 1938இல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார். கைக்கு வந்தது சுமார் ஒன்றேகால் லட்சம் டாலர். அந்த வழக்கின் அதிர்ச்சியில் 1939இல் கலிஃபோர்னியா 'கூகன் சட்டம்' கொண்டுவந்தது. ஆனால் நீதிமன்றத்தின் ஒப்புதலுக்குப் போன ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அது பாதுகாப்பு தந்தது. மற்றபடி, பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்ற பழைய கோட்பாடு அப்படியே இருந்தது. 1938ஆம் ஆண்டின் மத்தியத் தொழிலாளர் சட்டமும் குழந்தைத் தொழிலாளர் விதிகளிலிருந்து நடிகர்களுக்கு விலக்கு அளித்திருந்தது. ஆலையில் நிற்கும் பிள்ளை தொழிலாளி, கேமரா முன் நிற்கும் பிள்ளை அப்படியல்ல என்பதே அதன் பொருள். சம்பாத்தியம் பிள்ளையின் சொத்து, அதில் 15 சதவீதத்தைக் கட்டாயமாக டிரஸ்ட் கணக்கில் போட வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2000 ஜனவரியில். கோல்மன் திவாலாகிச் சில மாதங்கள் கழித்து.

பணம் போனதோடும் முடியவில்லை. அந்த ஒற்றை வரி ஆயுள் முழுக்கத் துரத்தியது. 1996இல் 'தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' தொடரின் கடைசி எபிசோடில், 28 வயதில், மறுபடி ஆர்னால்டாகவே வந்து நின்றார். 2003இல் கலிஃபோர்னிய ஆளுநர் பதவிக்கான திரும்ப அழைப்புத் தேர்தலில், ஓர் இலவச வார இதழ் கேலிக்காக அவரை வேட்பாளராக நிறுத்தியது. 14,242 வாக்குகளுடன் எட்டாவது இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு பிராட்வேக்கு வந்த 'அவென்யூ கியூ' இசை நாடகத்தில், குடியிருப்பு ஒன்றைப் பராமரிக்கும் ஆளாக 'கேரி கோல்மன்' என்ற பாத்திரமே இருந்தது. அந்த நாடகம் 2004இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது பெற்றது. சிறுவயதில் அவருடைய திறமையை விற்றவர்கள் அவருக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு அவருடைய வீழ்ச்சியை விற்றவர்கள் அதைக்கூடக் கொடுக்கக் கடமைப்பட்டதாக நினைக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லாக் குழந்தை நட்சத்திரங்களும் கெட்டுப்போகவில்லையே? ரான் ஹோவர்ட் 1960இல் சிறுவனாகத் தொலைக்காட்சித் தொடரில் நுழைந்து, பின்னாளில் 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்துக்காக இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கினார். ஜோடி ஃபாஸ்டர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, திரும்பி வந்து இரண்டு ஆஸ்கர்களை வென்றார். 'டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரிலேயே இளம்வயதில் நடித்த ஜேனட் ஜாக்சன் உலகப் பாடகியானார். உண்மைதான். ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கின்றன. ஹோவர்டின் தந்தை தானே நடிகர். தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்தவர். ஃபாஸ்டருக்குக் கேமராவை விட்டு விலகிப் படிக்க இடைவெளி கிடைத்தது. ஜாக்சனின் வருவாய் அந்தத் தொடரை நம்பி இருக்கவில்லை. ஒரே முகத்தோடு ஒரே பாத்திரத்தில் பூட்டப்படாமல் இவர்கள் தப்பித்தார்கள். அந்த வாய்ப்பு யாருக்கு அமைகிறது என்பது பிள்ளையின் கையில் இல்லை. நல்ல பெற்றோர் வாய்த்தால் பிழைக்கலாம் என்ற நிலையைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

அவருடைய துன்பத்துக்கு நோய்தானே காரணம், தொலைக்காட்சி என்ன செய்தது என்றும் கேட்கலாம். நோய் வந்தது விதி என்றே வைத்துக்கொள்வோம். நோயாளிப் பிள்ளைக்குத்தான் சேமிப்பு கூடுதலாகத் தேவை. மாற்றுச் சிறுநீரகமும் டயாலிசிஸும் வேண்டிய உடலுக்கு ஓய்வும் கூடுதலாகத் தேவை. ஆகவே நோய் யாருடைய பொறுப்பையும் குறைக்கவில்லை. கடைசியாக, அவருடைய கோபம். 1998இல் கையெழுத்து கேட்டு வந்த ஒரு பெண்ணோடு தகராறாகி, அவரை அடித்ததாக வழக்கு வந்தது. அமைதியைக் குலைத்ததாகக் கூறிய குற்றச்சாட்டை எதிர்க்காமல் அபராதம் கட்டினார். பிற்காலத்திலும் அவர் பெயர் இப்படிப்பட்ட செய்திகளில் வந்தது. கை நீட்டியது தவறு. அதற்குச் சமாதானம் தேட வேண்டியதில்லை. பணம் போனதற்கான பழியில் கோல்மன் தன்னையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். ஆனால் வளர்ந்த மனிதரின் தவற்றைக் காட்டி, அவர் சிறுவனாக இருந்தபோது உழைத்த கூலிக்கான கேள்வியைத் தள்ளுபடி செய்ய முடியாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

சட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது. கோல்மன் பிறந்த இல்லினாய் மாநிலத்தில், பெற்றோர் எடுக்கும் இணையக் காணொளிகளில் தோன்றும் பிள்ளைகளுக்கும் வருவாயில் பங்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2025இல் கலிஃபோர்னியாவும் பின்தொடர்ந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் விதிகள் குழந்தைக் கலைஞரின் வேலைநேரத்தை நாளுக்கு ஐந்து மணி நேரமாகவும், இடைவெளி இல்லாத வேலையை மூன்று மணி நேரமாகவும் வரையறுக்கின்றன. வருவாயில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்பட வேண்டும் என்றும் சொல்கின்றன. விதி ஏட்டில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் வழக்கம்தான் வளர வேண்டும். பாட்டுப் போட்டி மேடையிலோ, மெகா தொடரிலோ, கைப்பேசிக் காணொளியிலோ ஒரு பிள்ளை நம்மைச் சிரிக்கவும் உருகவும் வைக்கும்போது, அந்தப் பிள்ளை வேலை செய்துகொண்டிருக்கிறது. பெற்றோரே, வைப்புக்கணக்கை முதல் நாளே தொடங்குங்கள். தயாரிப்பாளர்களே, ஒப்பந்தத்தில் பிள்ளையின் பங்கையும் வேலைநேரத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். கோல்மனுக்கு மறுக்கப்பட்டது கருணை அல்ல, கூலி. அடுத்த பிள்ளைக்காவது அது முழுதாகப் போய்ச் சேரட்டும்.