பலிபீடமும் பந்தியும்: தென்காசிப் பக்கத்து வழிபாடு குறித்துச் சில கேள்விகள்

1

கிறிஸ்தவ வழிபாடு பற்றி நம்மிடையே இரண்டு விதப் பேச்சுகள் உண்டு. ஒன்று இறையியல் வகுப்பறைப் பேச்சு. கடவுளின் அழைப்புக்கு மனிதன் தரும் மறுமொழியே வழிபாடு என்று தொடங்கி, கிரேக்க வேர்ச்சொல்லில் போய் முடியும். இன்னொன்று முற்போக்குப் பேச்சு. வழிபாடு என்றால் மயக்கம், சடங்கு, வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்று கையை உதறிவிடும். இரண்டுமே வழிபடுகிற ஆட்களைப் பார்ப்பதில்லை. யார் எங்கே உட்காருகிறார்? யாருக்குப் பின் யார் கிண்ணத்தில் வாய் வைக்கிறார்? யாருடைய பேச்சு ஜெபமாகிறது, யாருடைய மேளம் கோயில் வாசலோடு நின்றுபோகிறது? வழிபாட்டின் அர்த்தத்தை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ‘நடைமுறைச் சிக்கல்கள்’ என்ற தலைப்பில் கடைசியாகச் சேர்க்க வேண்டிய கேள்விகள் அல்ல இவை. அர்த்தம் இருப்பதே இவற்றில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘லிடர்ஜி’யின் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ‘மக்களின் பணி’ என்று நம் குருமார் பொருள் சொல்வது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கிரேக்க நகரங்களில் அந்தச் சொல் பணக்காரக் குடிமகன் தன் செலவில் ஊருக்குச் செய்துகொடுக்கும் காரியத்தைக் குறித்தது. திருவிழா நடத்துவான், கப்பலுக்குச் செலவு செய்வான், பேர் வாங்கிக்கொள்வான். நம்ம ஊர்ச் சொல்லில் சொன்னால் ‘உபயம்’. டியூப் லைட்டின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கும் அதே உபயம். மக்களின் பணி என்று சொல்லிக்கொண்டே பெரிய வீட்டுக்காரரின் உபயமாக வழிபாடு மாறிப்போவது, அந்தச் சொல் பிறக்கும்போதே கூட வந்த ஆபத்து.

தமிழ்ச் சொற்களும் ஒன்றும் அறியாதவை அல்ல. கத்தோலிக்கர் வெகுகாலம் ‘பூசை’ என்றார்கள், பிறகு ‘திருப்பலி’ என்றார்கள். சீர்திருத்தச் சபையார் ‘ஆராதனை’ என்கிறார்கள். கடவுளுக்கும் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று காலத்துக்கொரு பேர், சபைக்கொரு பேர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்று அச்சிட்ட பிறகும் நெல்லைப் பக்கத்து வீடுகளில் ‘கர்த்தர்’ அசையவில்லை. இந்தச் சொற்கள் எதிலும் வயல்காட்டுப் பேச்சு கிடையாது. ‘தேவரீர்’ என்று வீட்டில் யாரையாவது கூப்பிட்டிருக்கிறோமா?

2

திருநெல்வேலிச் சபை வரலாற்றை வாசிக்கிறவர்கள் குளோரிந்தா 1785இல் பாளையங்கோட்டையில் கட்டிய கோயிலில் தொடங்கி, 1820இல் வந்த ரேனியஸ் வழியாகக் கால்டுவெல்லுக்கு நடப்பார்கள். மனம் மாறியவர்கள், பள்ளிக்கூடங்கள், கோபுரங்கள் என்ற கணக்கு அது. கட்டடத்துக்கு உள்ளே உடம்புகள் எப்படி வைக்கப்பட்டன என்று தேடினால் வேறொரு வரலாறு கிடைக்கும்.

வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயில் அதற்குப் பெரிய சாட்சி. 1872இல் எழுந்த அந்தக் கோயிலுக்குக் காற்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டு கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் முதலான பிறர். நடுவே சுவர். இரண்டு கூடங்களும் சேருமிடத்தில் பலிபீடம். உள்ளே இருக்கிறவர்களுக்குப் பீடம் தெரியும், சாமியார் தெரிவார். அடுத்த சாதிக்காரன் முகம் மட்டும் தெரியாது. 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். மூடப்பழக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ‘கடவுளோடு எனக்குள்ள உறவு நேரானது, பக்கத்தில் இருப்பவனுக்கு அதில் வேலையில்லை’ என்கிற இறையியலைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிக் காட்டிய பிரதி அந்தக் கோயில். சுவர் போய்விட்டது. அந்த இறையியல் போய்விட்டதா?

சீர்திருத்தச் சபைகளின் கதையும் வேறல்ல. சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் கல்கத்தாப் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது, வெடித்த சண்டைகளில் முக்கியமானது உட்காரும் இடத்தையும் நற்கருணைக் கிண்ணத்தையும் பற்றியது. வேதத்தை ஏற்றுக்கொண்டவர்கள், ஞானஸ்நானம் வாங்கியவர்கள், பிரசங்கத்தைத் தலையாட்டிக் கேட்டவர்கள் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். எச்சில் என்ற இடத்தில் விசுவாசம் முட்டி நின்றது. வழிபாட்டின் அர்த்தத்தை அறிய விசுவாசப் பிரமாணத்தைப் புரட்டுவதைவிட இந்த முட்டுச்சந்தைப் பார்ப்பது மேல்.

3

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் அதன் புதிய நற்கருணை முறைமை வந்தது. அதில் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. குருவானவரிடமிருந்து சமாதானம் கைக்குக் கையாகச் சபை முழுக்கப் போக வேண்டும். ஒருவர் கையை அடுத்தவர் தம் கைகளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். சிரியன் சபை மரபிலிருந்து எடுத்த சடங்கு இது. அதே 1950 ஜனவரியில்தான் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவோடு அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் தீண்டாமையைத் தடை செய்தது. வழிபாடு தீண்டலைக் கட்டளையாக்கியது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறிஸ்தவத்தில் இதைவிடத் துணிச்சலான வரி எழுதப்படவில்லை என்பேன்.

அந்த வரிக்கு என்ன ஆயிற்று? பல கோயில்களில் அது இருந்த இடத்திலிருந்தே போடுகிற கும்பிடாகச் சுருங்கிவிட்டது. முன்னால் திரும்பி ஒரு கும்பிடு, பின்னால் திரும்பி ஒரு கும்பிடு. யாரும் மாற்றச் சொல்லவில்லை, யாரும் எதிர்க்கவில்லை, தானாக நடந்தது. 2020இல் வந்த தொற்று இதற்கு ஒரு நியாயமும் கொடுத்தது. தொற்று முடிந்தும் கைகள் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், பயந்தது கிருமிக்கு மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு சடங்கு எப்போது செத்துப்போகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். வாசகங்கள் அப்படியே இருக்கும். உடம்பு மட்டும் விலகிப் போயிருக்கும்.

4

‘வழிபாட்டை நம்முடையதாக்க வேண்டும்’ என்ற குரல் புதியதல்ல. நாசரேத் பக்கம் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து தனிச்சபை கண்டார். சாணார் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூலின் இழிவுப் பேச்சு அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். ஞாயிற்றுக்குப் பதில் சனிக்கிழமை ஓய்வுநாள், பெஞ்சுக்குப் பதில் தரை, தூபம், சாஷ்டாங்கம் என்று பழைய ஏற்பாட்டையும் ஊர் வழக்கத்தையும் சேர்த்து வெள்ளைக்காரனில்லாத ஒரு வழிபாட்டைக் கட்டினார். காலனியத்துக்கு எதிராகத் தமிழ்க் கிறிஸ்தவன் செய்த பெரிய கலகங்களில் ஒன்று அது. சபை வரலாற்றாசிரியர்கள் வெகுகாலம் அதை ஒரு ‘பிளவு’ என்று சொல்லிக் கடந்துபோனார்கள். நாம் அப்படிக் கடக்க வேண்டியதில்லை. அதேசமயம், அந்தச் சபை பெரும்பாலும் ஒரே சாதியின் சபையாகவே நின்றது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரனை வெளியேற்றியது, சாதியை வெளியேற்றவில்லை.

நூறாண்டுக்குப் பிறகு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து, 1969இல் இந்தியக் கத்தோலிக்கப் பூசைக்குப் பன்னிரண்டு மாற்றங்கள் அனுமதிக்கப்பட்டன. தரையில் அமர்தல், கைகூப்புதல், ஆரத்தி, எண்ணெய் விளக்கு முதலியவை. தமிழரான அமலோர்பவதாஸ் இதில் முன்னின்றார். அக்கறையான முயற்சிதான். ஆனால் தலித் இறையியலாளர்கள் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை: இது எந்த இந்தியா? ஆரத்தித் தட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது? கோயிலுக்குள்ளேயே விடப்படாதவனுக்கு அந்தக் கோயிலின் கருவறைச் சைகைகளைக் கொண்டுவந்து ‘இதுதான் உன் பண்பாடு’ என்று கொடுப்பது என்ன வகை மீட்பு? அந்நியமாதல் ஒருமுறை ஐரோப்பா வழியாக நடந்தது. மறுமுறை அக்கிரகாரம் வழியாக.

இதை நன்றாகப் பிடித்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு. ‘பரட்டை’ என்றால் பலருக்குத் தெரியும். 2005இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனைக்கு எதிரே நாட்டுப்புற மெட்டையும், ஏட்டுத் தமிழுக்கு எதிரே பேச்சுத் தமிழையும், மிருதங்கத்துக்கு எதிரே பறையையும் வைத்து வழிபாட்டு முறைமை எழுதினார். வேதநாயக சாஸ்திரியார் முதலானோரின் கீர்த்தனை மரபை மட்டமாகப் பேச வேண்டியதில்லை. அதுவும் ஐரோப்பியப் பாமாலைக்கு எதிரே தமிழ்க்குரல் எடுத்த ஒன்றுதான். ஆனால் சாவுக்கு அடிக்கிற கருவி என்று பறையை வெளியே நிறுத்திய சபையில், அதை அடித்த கைகளுக்கும் அதே இடம்தானே? அப்பாவுவின் மைய உருவகம் ‘ஒரே உலை’. தனித்தனி அடுப்பு இருக்கிற வரையில் நற்கருணை என்பது நாடகம்தான் என்பது அதன் உட்பொருள்.

5

இங்கேதான் தென்காசிப் பக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துச் சேகரங்களில் அசனம் என்று ஒன்று உண்டு. பண்டிகை ஆராதனை முடிந்ததும் சபையே கூடிச் சமைத்துச் சாப்பிடுவது. வீட்டுக்கு வீடு வரி போட்டு, அரிசி சேர்த்து, முந்தின ராத்திரியே அண்டாக்களை ஏற்றி, விடிய விடிய விறகு தள்ளி, குருவானவர் ஜெபித்த பிறகு பந்தி. வேற்று மதத்து அக்கம்பக்கத்தாருக்கும் சோறு உண்டு. ‘பிரசங்கம் எப்படி’ என்று கேட்கிறவர்களைவிட ‘அசனத்துக்கு வந்தீயளா’ என்று கேட்கிறவர்களே அதிகம். படித்த கிறிஸ்தவர்கள் இதைச் ‘சாப்பாட்டுக் கிறிஸ்தவம்’ என்று கேலி செய்வார்கள். முறைமைப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. இறையியல் இதை வழிபாடாகவே எண்ணவில்லை.

எனக்கென்னவோ தலைகீழாகத் தோன்றுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கிறிஸ்தவ வழிபாடு பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து விமர்சனங்களில் ஒன்று அது. வாசகம் தப்பு, ராகம் தப்பு என்றா சண்டை? வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருக்கிறார்கள், பிறகு எப்படி இது ஆண்டவருடைய பந்தி என்பதுதான் சண்டை. அப்படியானால் அசனம் நற்கருணையின் பின்னிணைப்பு அல்ல. நற்கருணைதான் அசனத்திலிருந்து ஒரு வில்லை அப்பமாகவும் ஒரு மிடறு ரசமாகவும் சுருங்கிப் பீடத்தின் மேல் ஏறிக்கொண்டது.

அசனத்தைப் புனிதப்படுத்தி முடித்துவிடவும் கூடாது. அங்கேயும் கேள்விகள் கிடக்கின்றன. இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது குறைந்து, டோக்கன் காட்டிப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது கூடிவருகிறது. உலை ஒன்றாக இருக்கும், உண்பது தனித்தனி. வெங்காயம் உரிப்பது பெண்கள், வரவு செலவு பார்ப்பது ஆண்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஊர்களில் சபையே ஒரே சாதிச் சபை. ஒரு தெருவில் ஒரு கோயில், அடுத்த தெருவில் இன்னொரு கோயில். அதே சபை, அதே முறைமை, வேறு அண்டா. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் இருந்த சுவர் இங்கே தெருவாக அகன்றிருக்கிறது. தன் சாதிக்குள் ஒரே பந்தியில் உட்காருவதற்குக் கிறிஸ்து எதற்கு?

6

இதற்கு மாற்றாக இன்று சொல்லப்படுவது ஆவிக்குரிய கூட்டங்களின் ஆராதனை. முறைமைப் புத்தகம் இல்லை, கீபோர்டும் டிரம்ஸும் உண்டு, கண்ணீர் உண்டு, சாதி கேட்பாரில்லை. இதை ஏளனம் செய்கிறவன் நானல்ல. கோயிலில் வாய் திறக்க முடியாத கூலிக்காரப் பெண் அங்கே மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்கிறாள். இது சின்ன விஷயமா? ஆனால் இந்தச் சமத்துவத்தின் தன்மை என்ன? குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பேரருவிக்கு அடியில் போய் நின்று பாருங்கள். பக்கத்தில் நனைகிறவன் யாரென்று யாரும் கேட்பதில்லை. ஒரே தண்ணீர்தான் எல்லார் தலையிலும் விழுகிறது. ஆனால் யாரும் அங்கே குடியிருக்கப் போவதில்லை. துவட்டிக்கொண்டு வண்டி ஏறினால் அவரவர் ஊர், அவரவர் தெரு. சடங்கின் நடுவே ஒரு கணம் படிநிலைகள் கரைந்துபோவதை விக்டர் டர்னர் 1969இல் விரிவாக எழுதினார். அந்தக் கணம் முடிந்ததும் பழைய அமைப்பு புத்துணர்ச்சியோடு திரும்பலாம் என்பதும் அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. இதை அருவிக்கரைச் சமத்துவம் என்று சொல்லலாம். குளிர்ச்சிதான். சீசன் முடிந்தால் முடிந்தது.

தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் தலித் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனார்கள். நாடே அதிர்ந்தது, வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. சுற்றுவட்டாரம் முழுக்க நூறாண்டுக்கு மேலாகக் கோயில் மணி அடித்துக்கொண்டிருக்க, அவர்கள் ஏன் இந்தப் பக்கம் திரும்பவில்லை? பதிலைப் பிரசங்கத்தில் தேட வேண்டாம். நம் கோயிலுக்குள் அவர்கள் எந்த வரிசையில் நிற்பார்கள், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்படுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாத சங்கதியா?

வழிபாட்டுச் சீர்திருத்தம் என்றால் இனி புதுப் பாட்டு, புது முறைமை, புது அங்கி என்று தொடங்க வேண்டாம். 1950இல் எழுதிவைத்த கைகளை மீண்டும் தொடச் செய்யலாம். இரண்டு தெரு அண்டாக்களையும் ஒரே அடுப்பில் ஏற்றலாம். அன்றைக்குச் சண்டை வரும், சபை உடையும், தேர்தல் கணக்குகள் தப்பும். வரட்டும். கொரிந்துவிலும் சண்டைதான் வந்தது. சண்டை வராத பந்தியில் கூடியிருப்பது ஒரு சாதி மட்டும்தான் என்று அர்த்தம்.